சூசையப்பருக்குப் பூச்சு காயும் வரை

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

பட்டறைக்காரத் தம்பி எழுதும் கடிதம். நானும் என் வீட்டுக்காரியும் கிருபையால் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும், அக்காவின் இருமல் நிற்பதற்கும் தினமும் ஜெபித்து வருகிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் வரியில் சுகம் விசாரித்துவிட்டு, இரண்டாம் வரியிலேயே "உன் வீட்டு முன்னறையில் விக்கிரகம் நிற்கிறதாமே" என்று கேட்டிருந்தீர்கள். ஓரத்தில் அக்கா வேறு, "உண்மையா தம்பி?" என்று தன் கையால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். உண்மைதான். ஆனால் நின்றது விக்கிரகம் அல்ல, வேலைக்கு வந்த பொருள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடி, என்னை மூப்பராக வைத்திருப்பதா நீக்குவதா என்று முடிவு செய்யப் போகிறது. நீங்கள் அந்தக் கமிட்டியில் செயலாளராக இருந்தவர். உங்கள் வார்த்தையை இன்றும் அங்கே யாரும் தட்டமாட்டார்கள். இருந்தாலும் எனக்காக ஒரு வரி எழுதிக்கொடுங்கள் என்று கேட்பதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. காணிக்கைத் தட்டு ஏந்தி ஆலயத்து நடு வழியில் நான் நடக்கும்போது ஒரு நாணயம்கூடச் சத்தம் போட்டதில்லை என்று நம் சபைப் போதகர் ஐயரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவனுக்குச் சிபாரிசு எதற்கு? நடந்தது மட்டும் உங்களுக்கு நடந்தபடி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கத்தோலிக்கக் கோயிலில் மணி அடித்து, பூசைக்கு எடுத்துவைத்து, கதவு பூட்டுகிற கோயில்பிள்ளை. மழையில் அவர்கள் கோயில் கூரை ஒழுகி, சூசையப்பர் சொரூபம் தலையிலிருந்து இடுப்பு வரை ஊறி, பழைய பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டது. அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, பஸ்ஸுக்கே கண்ணு மூக்கு இருக்கிற மாதிரி பெயின்ட் அடிக்கிறீங்க. எங்க சூசையப்பரைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, "நான் சபை மூப்பர். பஸ் அடிப்பேன், லாரி அடிப்பேன், ஆம்புலன்ஸ் அடிப்பேன். சொரூபம் தொடமாட்டேன்" என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தேன். மூன்றாம் முறை அவர் மனைவியை அனுப்பிக் கேட்டார், அப்போதும் மறுத்தேன். என் உறுதியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு அவர்கள் அதைக் கடைத்தெருவில் விளம்பரப் பலகை எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுத்துக்காரர், அத்தான். முகத்தையும் எழுத்து மாதிரியே எழுதிவிட்டார். இரண்டு புருவமும் நடுவில் கைகோத்து நின்றன. உதட்டில் அப்படியொரு சிவப்பு. ஒரு கண் கையிலிருக்கும் பாலன் இயேசுவைப் பார்க்க, இன்னொரு கண் நேரே கோயில் உண்டியலைப் பார்த்தது. கோயில்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வேண்டுமென்றேதான் காட்டினார் என்று இப்போது தெரிகிறது. நான் பார்த்தேன். உடுப்பில் தூரிகை ஓடின தடம் கோடு கோடாகத் தெரிந்தது. பட்டி பார்க்காமல், உப்புத்தாள் தேய்க்காமல், பழைய செதிலுக்கு மேலேயே அடித்திருந்தார். எந்தச் சபையின் விசுவாசமும் அப்படிப்பட்ட வேலையை மன்னிக்கச் சொல்லவில்லை. என் வாய் என்னைக் கேட்காமலேயே, "இதை இறக்குங்க" என்று சொல்லிவிட்டது.

கொள்கையை விட்டேன் என்று நினைக்க வேண்டாம். நிபந்தனை போட்டுத்தான் ஏற்றேன். இயேசுவை வளர்த்த யோசேப்பு வேதத்தில் உள்ளவர், அதனால் தொடுகிறேன். பிற்காலத்துப் புனிதர் யாரையாவது கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். இது பட்டறைக்குப் பொருளாக வருகிறது, பொருளாகவே திரும்பிப் போகும். பட்டறைக்குள் ஒருவரும் முழங்கால் போடக் கூடாது. கோயில்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "நாங்க சூசையப்பர்ங்கிறோம், நீங்க யோசேப்புங்கிறீங்க. அவருக்கு ரெண்டும் தெரியும்ணே" என்றார்.

வேலையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் வேறு யார் உங்களுக்குச் சொல்வார்கள்? பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி, விரிசலுக்கெல்லாம் பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, மரத்தூளும் ஈரமண்ணும் கலந்தாற்போல் ஒரு பழுப்பை உடுப்புக்கு நானே கலந்தேன். தச்சருடைய உடுப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். தச்சு மூலைமட்டம் பிடித்த கையின் நரம்பைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதுதான் தொல்லை வந்தது. பட்டறையில் ஒரு வேன் டிங்கரிங்குக்கு நின்றது. அந்தத் தூசி ஈரப் பூச்சில் உட்கார்ந்தால் அத்தனை பாடும் வீண். தூசி இல்லாத இடம் என்றால் என் வீட்டு முன்னறை ஒன்றுதான். என் வீட்டுக்காரி காலையும் மாலையும் துடைக்கிற அறை. நாலு ஆள் பிடித்துக் கொண்டுபோய் ஜன்னலோரம் நிறுத்தினோம். அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூப்பர் வீடு. நல்லா இருக்கு. சாயங்காலம் தூபமும் போட்டுருவோமா?" என்றாள்.

"காயறதுக்குத்தான். மழை ஈரத்துல ரெண்டு மூணு நாளாகும், காஞ்சதும் போயிரும்" என்றேன்.

"உங்க தங்கச்சி புருஷன் இப்படித்தான் ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தாரு" என்றாள். அந்தப் பேச்சை வளர்க்க நான் விரும்பவில்லை.

அடுத்த நாளே கத்தோலிக்கப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் கோயில்பிள்ளையின் மனைவி, பிறகு அவருடைய சிநேகிதிகள் இரண்டு பேர். பட்டறைக்குள் முழங்கால் போடக் கூடாது என்றுதானே நிபந்தனை, இது வீடுதானே என்று வாசற்படியில் முழங்கால் போட்டார்கள். சட்டம் பேசுகிற ஜனங்கள். ஒருத்தி கைப்பையிலிருந்து மெழுகுதிரி எடுத்தாள். நான் பாய்ந்துபோய்த் தடுத்தேன். கோயில்பிள்ளை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மெழுகுதிரிகூட உங்க வேதத்துக்கு ஆகாதாண்ணே?" என்றார். "வேதத்துக்கு இல்லைய்யா, தின்னருக்கு ஆகாது! ஒரு தீக்குச்சி கிழிச்சா, நீ, நான், சூசையப்பர் எல்லாரும் ஒண்ணா மோட்சத்துல நிப்போம்" என்றேன். அவர் அசையாமல், "நீங்க நேராப் போயிருவீங்க. எங்களுக்கு நடுவுல பாவம் கழிக்க உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒரு ஸ்டாப்பிங் இருக்கே. அங்க இறங்கி நின்னுட்டுத்தான் வரணும்" என்றார். அத்தான், அந்த மனிதரோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. அவர் மனைவி அவரைவிட ஒரு படி மேல். என் வீட்டுக்காரி அவளிடம் நம் பக்கத்து உபதேசத்தை எடுத்துச் சொன்னாள். "நாங்க மாதாகிட்டயும் புனிதருங்ககிட்டயும் போறதில்லை. எது வேணும்னாலும் நேரா அப்பாகிட்டயே கேட்டுருவோம்" என்றாள். அதற்கு அவள், "எங்க வீட்டுல அப்பாகிட்ட ஏதாவது ஆகணும்னா பிள்ளைங்க அம்மாகிட்ட சொன்னாத்தான் நடக்கும். உங்க வீட்டுல எப்படிக்கா?" என்று கேட்டாள். நம் வீட்டில் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் போன வாரம் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை என்பதை மறந்துவிட்டேன். சாயங்காலம் குளித்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் செருப்புகள். நம் ஐயர், அவர் மனைவி ஐயர் அம்மா, பாட்டுக் குழுவினர், அவர்களுக்கு நடுவில் 'முழுஜெபம்'. அவர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கமிட்டியில் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர், எந்த ஜெபத்தையும் பாதியில் விட்டறியாதவர். என் வீட்டுக்காரி கண் இமைக்கும் நேரத்தில் பூப்போட்ட படுக்கை விரிப்பைச் சூசையப்பர் தலைவழியாகப் போட்டாள். ஈரம் ஒட்டிவிடும் என்று என் உயிர் துடித்தது. ஐயர் உட்கார்ந்துகொண்டே, "யாரும்மா அது போர்வைக்குள்ள?" என்றார். "இவரோட பட்டறைச் சாமான், ஐயர்" என்றாள். பொய் ஒரு வார்த்தை இல்லை, கவனியுங்கள்.

தின்னர் வாடைக்காக மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தோம். பாட்டு முடிந்தது. முழுஜெபம் சுவரோரம், போர்வைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஜெபம் ஆரம்பித்தார். நம் ஜனங்கள் கண்ணை மூடினால் மூடினதுதான். அந்த ஒழுக்கத்தில் நமக்கு ஈடு யாருமில்லை. அவர் நம் சபைக்காக ஜெபித்து, ஊருக்காக ஜெபித்து, தேசத்து அதிகாரிகளுக்காக ஜெபித்துக் கடல் தாண்டும்போது விரிப்பின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. முதலில் பாதம் தெரிந்தது. பிறகு பழுப்பு உடுப்பு. அவர் அயல்நாட்டு ஊழியங்களுக்கு வந்தபோது விரிப்பு முழுவதும் சரிந்து விழுந்து, சூசையப்பர் பாலனோடு எல்லாருக்கும் நடுவில் நின்றார். கண்ணைத் திறந்து வைத்திருந்தது நான் ஒருவன்தான். எழுந்துபோய் மூடலாமென்றால் ஜெபத்தின் நடுவில் மூப்பர் எழுந்த சத்தம் கேட்கும். அதே நேரத்தில் கோயில்பிள்ளையின் மனைவியும் சிநேகிதிகளும் வழக்கம்போல் வந்தார்கள். சொரூபம் நடுவில் நிற்க, ஒரு கூட்டமே தலைகுனிந்து கண்மூடி இருப்பதைப் பார்த்தார்கள். தங்களிடமிருந்து பிரிந்துபோன சபையே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. கண்ணில் தண்ணீரோடு பின்னாலேயே முழங்கால் போட்டார்கள்.

ஜெபம் முடிந்து எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னோம். அவர்களும் அவர்கள் பாணியில் சேர்ந்துகொண்டார்கள். வார்த்தை அங்கங்கே உரசினாலும் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தீமையிலிருந்து காக்கச் சொல்லும் இடம் வந்ததும் அவர்களுக்கு ஜெபம் முடிந்துவிடும். நமக்கு இன்னும் ராஜ்யமும் வல்லமையும் என்ற வரி பாக்கி இருக்கிறது. பின்னாலிருந்து மூன்று குரல்கள் கணீரென்று "ஆமென்" என்றன. யார் இது பாதியில் இறங்கியது என்று சபை முழுவதும் கண்ணைத் திறந்தது.

முழுஜெபம் தலையை நிமிர்த்தினார். அவர் மூக்குக்கு நேரே மூலைமட்டம். பதறி எழுந்தார். அவருடைய முழங்கால் எத்தனையோ வருஷமாக அவர் சொன்னபடி கேட்பதில்லை. தடுமாறி, விழப்போய், கைக்கு எட்டியதைப் பிடித்தார். கைக்கு எட்டியது சூசையப்பரின் தோள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூப்பர் வீட்டில் விக்கிரகம்!" என்றார், பிடியை விடாமல்.

"விக்கிரகம்னு யாரைய்யா சொல்றீங்க? இப்ப உங்களைத் தாங்கிட்டு நிக்கிறது யாரு?" என்றாள் கோயில்பிள்ளையின் மனைவி.

"இது வெறும் சாந்து!"

"அப்ப விட்டுட்டு நில்லுங்களேன் பார்ப்போம்."

ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் வீட்டுக்காரி, "யாரும் தொடாதீங்க, பெயின்ட் இன்னும் காயலை!" என்று ஒரு சத்தம் போட்டாள். கத்தோலிக்கரும் நாமும் ஒரே நேரத்தில் ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்தோம். இரண்டு சபையும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். முழுஜெபமும் கையை எடுத்தார். அவருடைய உள்ளங்கை முழுக்கப் பழுப்பு. சூசையப்பரின் தோளில் ஐந்து விரலும் ரேகை ரேகையாக.

மறுநாள் விடிந்ததும் கோயில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிரிந்த சபைப் பெரியவர் ஒருவர் விழப்போனாராம், சூசையப்பர் தாங்கினாராம். உங்கள் காதுக்கு வந்தது அந்தச் செய்தியின் நம் பக்கத்து வடிவம். அந்தக் கைத்தடத்தை அழிக்கக் கூடாது, புதுமையின், அதாவது அற்புதத்தின், அடையாளம் என்று பெண்கள் வந்து நின்றார்கள். என் பட்டறையிலிருந்து கைரேகையோடு ஒரு மட்கார்டுகூட வெளியே போனதில்லை என்றேன். வழக்கு முற்றி, அவர்களுடைய பாதிரியார் பங்குச்சாமியே பார்க்க வந்தார். விஷயம் தெரிந்து நம் ஐயரும் வந்தார். இரண்டு பேரையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். இன்று உபதேசப் போர்தான் என்று பயந்தால், அவர்கள் கூரை ஒழுக்கைப் பற்றியும் ஒலிபெருக்கி இரைவதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். பங்குச்சாமி, "பிரசங்கம் நீண்டு போகாம எப்படி ஐயர் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார். "முன் பெஞ்சிலே வீட்டுக்காரி உட்கார்ந்து வாட்சைத் தட்டிக் காட்டுவா. உங்களுக்கு அந்த வசதி இல்லையே சாமி" என்றார் நம் ஐயர். பங்குச்சாமி வெகு நேரம் சிரித்தார். போகும்போது சொரூபத்தின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு வீட்டுக்கு வந்த மனுஷன் மாதிரி இருக்காரு" என்றார். அத்தான், எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டையும் இதற்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன். கைத்தடத்தைத் தேய்த்துப் பூசிவிடுங்கள் என்றும் அவரே தீர்ப்புச் சொன்னார்.

முழுஜெபத்துக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. அன்றைக்கே கமிட்டிக்குப் புகார் கொடுத்தார். கொடுத்த கையோடு என் பட்டறைக்கு வந்தார். கையைச் சால்வைக்குள் வைத்திருந்தார்.

"சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், போகலை. ஞாயித்துக்கிழமை இந்தக் கையோட நான் எப்படி ஆசீர்வாதத்துக்கு எழுந்து நிப்பேன்?" என்றார்.

"நல்ல பெயின்ட், ஐயா. அப்படிப் போகாது. நீட்டுங்க" என்று தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன்.

"இதுக்காக என் புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன்."

"வாங்க வேண்டாம். அந்தச் சுண்டு விரலைக் காட்டுங்க."

விரல் விரலாகத் துடைத்து அனுப்பினேன். புகாரும் அப்படியே இருக்கிறது, என் மரியாதையும் அப்படியே இருக்கிறது.

ஆகையால் அத்தான், நான் கமிட்டிக்கு முன்னால் தலைகுனியப் போவதில்லை. நான் சொரூபத்தை வணங்கவில்லை, வணங்கினவர்களை அவமதிக்கவும் இல்லை. சாந்துக்கும் சாயத்துக்கும் உயிர் உண்டு என்று ஒரு நொடியும் நினைத்ததில்லை. எனக்கு அது கடைசி வரை வேலைக்கு வந்த பொருள், அவ்வளவே. இதை நிமிர்ந்து நின்று சொல்வேன். உங்கள் சிபாரிசு வேண்டாம். நீங்களாகவே எழுத நினைத்தாலும் தயவுசெய்து எழுத வேண்டாம். உங்கள் பெயர் இந்த விவகாரத்தில் சம்பந்தப்படக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
சபை மூப்பர் (இதுவரை)

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று சாயங்காலம் சொரூபத்தைக் கோயிலுக்கு ஏற்றினோம். பொருள் ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பார்க்க முழுஜெபமும் வந்து நின்றார். ஆட்கள் வண்டியில் சாய்த்துக் கயிறு போட்டார்கள். கயிறு கழுத்தில் ஏறி இறுக்கியது. நான் என்னையறியாமல், "மெதுவாப்பா, மெதுவா! அத்தானுக்குக் கழுத்து வலிக்கும்!" என்று கத்திவிட்டேன். விஷயம் என்னவென்றால், எனக்கு வண்டி வரும், முகம் வராது. உழைத்த மனிதன் முகம் ஒன்று பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. நம் வீடுகளில் வசனக் காலண்டர்தானே மாட்டுவோம். படுக்கையறையில் இருக்கும் ஒரே மனிதப் படம் நீங்களும் அக்காவும் எடுத்தது. முழுஜெபம் என்னைப் பார்த்தார், சூசையப்பரைப் பார்த்தார், கிட்டே போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "செயலாளர்!" என்றார். புகாரில் இப்போது உங்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது. கோயில்பிள்ளை வந்து சொன்னபடி, இறக்கி வைத்தவுடனே உங்களுக்கு முன்னால் மூன்று மெழுகுதிரி ஏற்றியாகிவிட்டது. தின்னர் வாடை போய்விட்டது, பயமில்லை. ஆகவே மேலே நான் வேண்டாம் என்ற கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிடைக்கும்படி உடனே எழுதி அனுப்பவும். அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள்: தாடி உங்களுக்கு நன்றாகவே இருக்கிறது.